பகிர்ந்த தங்கம், பகிராத தங்கம்

2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ தேசிய மைதானத்தில் ஒலிம்பிக் ஆண்கள் உயரம் தாண்டுதல் இறுதிச்சுற்று முடிவை நெருங்கியபோது, கத்தாரின் முதாஸ் ஈசா பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாத நிலையில் நின்றார்கள். 2.37 மீட்டர் வரை இருவரும் ஒரு தவறுகூடச் செய்யவில்லை, 2.39 மீட்டரில் இருவரும் மும்முறை முயன்று மும்முறையும் தவறினார்கள். நடுவர் அருகில் வந்து, ஜம்ப் ஆஃப் எனப்படும் கூடுதல் தாண்டலின் மூலம் முடிவு காணலாம் என்று விளக்கத் தொடங்கினார். எங்களுக்கு இரண்டு தங்கம் கிடைக்குமா என்று பர்ஷிம் கேட்டார். நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்டால் முடியும் என்று அவர் சொன்னதுதான் தாமதம், இருவரும் கைகோத்துக்கொண்டார்கள். தம்பேரி பர்ஷிமின் மேல் தாவி ஏறிக் கட்டிக்கொண்டார். பிறகு தரையில் புரண்டு அழுதார்.

விளையாட்டின் உன்னதத் தருணம் என்று அந்தக் காட்சி உலகமெங்கும் கொண்டாடப்பட்டது. ஆனால் நான் மதிக்கும் தடகளப் பயிற்சியாளர்கள் சிலருக்கு அது அன்றே உறுத்தியது. ஒலிம்பிக் இறுதிச்சுற்று என்பதே யார் சிறந்தவர் என்று கண்டறிவதற்காக நடத்தப்படுவது. அதற்கான வழி விதியிலேயே இருக்கும்போது வேண்டாம் என்று சொல்வது போட்டியையே வேண்டாம் என்று சொல்வதுதானே என்று அவர்கள் கேட்டார்கள். அது பொறாமையிலோ குறுகிய மனத்திலோ பிறந்த கேள்வி அல்ல. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பி மைதானத்துக்கு வரவழைத்தவர்கள் கேட்கும் கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பர்ஷிமும் தம்பேரியும் போட்டியைக் கைவிடவில்லை, அதை முழுமையாக முடித்த பிறகே கைகோத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து. அதை விளக்க வேண்டுமானால், போட்டியிடும் ஒருவர் எதிரே நிற்பவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உயரம் தாண்டுதலின் அமைப்பு பெரும்பாலான விளையாட்டுகளிலிருந்து வேறுபட்டது. மாவட்ட அளவிலான போட்டிகளில் குறிப்பேட்டுடன் கம்பியின் அருகே அமர்ந்து உதவி செய்திருக்கிறேன் என்பதால் அந்தத் தாள் எனக்கு நன்றாகப் பழகிய ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஒவ்வொரு உயரத்துக்கும் கீழே, தாண்டினால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி, அந்த உயரத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு கோடு. தொடர்ச்சியாக மூன்று பெருக்கல் குறிகள் விழுந்தவர் வெளியேறுகிறார். ஓட்டப் பந்தயத்தில் வெற்றி பெற்றவரின் கடைசி அடி எல்லைக்கோட்டைத் தாண்டிய அடியாக இருக்கும். இங்கே வெற்றி பெற்றவரின் வரிசையும் பெரும்பாலும் பெருக்கல் குறிகளுடன்தான் முடிகிறது, ஏனென்றால் எல்லோரும் வெளியேறிய பிறகும் அவர் தனியாகத் தன் எல்லையைத் தேடித் தாண்டிக்கொண்டிருப்பார். தங்கம் வென்றவர், கடைசியாகத் தாண்ட முடியாமல் போன உயரத்தைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பும் விளையாட்டு இது.

இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்த உயரத்தில் குறைவாகத் தவறியவர் முன்னுக்கு வருவார். அதிலும் சமம் என்றால் அதுவரையிலான மொத்தத் தவறுகள் எண்ணப்படும். டோக்கியோவில் 2.37 மீட்டரைத் தாண்டியவர்கள் இருவர் அல்லர், மூவர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். பெலாரஸின் மக்சிம் நெதசேகாவும் அதே உயரத்தைத் தாண்டினார். முன்னதாக அவர் செய்திருந்த தவறுகளால் அவருக்கு வெண்கலம் கிடைத்தது. ஆக, போட்டி தன் வேலையைச் செய்தே முடித்திருந்தது. மூவரில் ஒருவரைப் பிரித்தெடுத்த அதே கணக்கு, மிஞ்சிய இருவரிடையே பிரிப்பதற்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. முதல் இடத்துக்குச் சமநிலை ஏற்படும்போது, மேற்கொண்டு தாண்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை விதியே வீரர்களிடம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களை விதியிலிருந்து தப்பியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த இருவரும் அதுவரை கடந்து வந்த தொலைவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2016 ஜூலையில் மொனாக்கோவில் 2.39 மீட்டர் தாண்டி இத்தாலியச் சாதனை படைத்த தம்பேரி, அதே மாலையில் அதைவிடக் கூடுதலான உயரத்துக்கு முயன்றபோது கணுக்காலின் தசைநார் கிழிந்து, சில வாரங்களில் தொடங்கவிருந்த ரியோ ஒலிம்பிக்கை இழந்தார். டோக்கியோவில் அவர் தாண்டிக்கொண்டிருந்தபோது, அன்று அவர் காலில் இருந்த மாவுக்கட்டு, டோக்கியோவுக்கான பாதை என்று எழுதப்பட்டு, களத்தில் அவர் பக்கத்திலேயே கிடந்தது. 2017 இல் பாரிஸில் நடந்த ஒரு போட்டியில் மோசமாகத் தோற்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தவரைத் தேடிச் சென்று, திறக்கும் வரை தட்டிப் பேசியவர் பர்ஷிம் என்பதை இருவருமே பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்கள். 2018 இல் பர்ஷிமுக்கும் தாண்டும் காலின் கணுக்காலிலேயே காயம் ஏற்பட்டது. ஒருவர் பட்ட வலி என்னவென்று மற்றவர் தன் உடம்பாலேயே அறிந்திருந்தார்.

நட்புக்காக மட்டும் அவர்கள் பகிர்ந்திருந்தால், அதை நான் ஆதரித்திருப்பேனா என்று தெரியவில்லை. நண்பர்கள் போட்டிக்கு முன்பே பேசி வைத்துக்கொண்டு சமநிலையில் முடித்திருந்தால் அது ஏமாற்று. ஆனால் இங்கே நெதசேகாவிடமிருந்தும், முன்னரே வெளியேறிய மற்றவர்களிடமிருந்தும், பார்வையாளர்களிடமிருந்தும் எதுவும் மறைக்கப்படவில்லை. நெடுநேரம் நீண்ட ஒரு போட்டியில், தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் அவர்கள் கம்பியின் முன்னால் வைத்துவிட்டார்கள்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில் நடந்ததை நினைவுகூர்வது உதவும். அந்த ஒலிம்பிக்கில்தான் குழுச்சுற்று முறை புகுத்தப்பட்டிருந்தது. காலிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்ட அணிகள் சில, அடுத்த சுற்றில் எளிய எதிரணியைச் சந்திப்பதற்காகவோ தம் நாட்டின் மற்றோர் அணியை எதிர்கொள்ளாமல் தவிர்ப்பதற்காகவோ, தோற்பதையே இலக்காக வைத்து ஆடின. சர்வீஸ்கள் வேண்டுமென்றே வலையில் அடிக்கப்பட்டன. அரங்கத்தில் இருந்தவர்கள் கூச்சலிட்டுக் கண்டித்தார்கள். மறுநாள் சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவைச் சேர்ந்த எட்டு வீராங்கனைகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். வெல்வதற்குத் தன்னால் இயன்ற முழு முயற்சியையும் செலுத்தவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

ஊக்கமருந்து உட்கொண்டோ நடுவரை விலைக்கு வாங்கியோ ஏமாற்றியவர்கள் அல்லர் அவர்கள். தங்கத்துக்கான வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளவே தோற்கப் பார்த்தார்கள். அதாவது, வெற்றியின் மேல் இருந்த ஆசையே அவர்களை அந்த ஆட்டத்தைக் கொல்ல வைத்தது. ஆனாலும் அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தவறு என்று உடனே விளங்கிவிட்டது. எதிரே நிற்பவரின் முயற்சிக்குப் பொருள் தருவது என்னுடைய முயற்சிதான். நான் அதை ஒளித்துக்கொண்டால் அவர் யாரை வென்றார்? யாரிடம் தோற்றார்? பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் முயற்சியைப் பகிராமல் தனித்தனியே முழுதாகக் கொடுத்தார்கள். லண்டனில் அந்த அணிகள் பதக்கத்தைப் பகிர்ந்துகொள்ள நினைக்கவே இல்லை, முயற்சியைத்தான் பதுக்கினார்கள்.

இதில் ஏற்பாட்டாளர்களின் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. தோற்பவருக்கு ஆதாயம் இருக்கும்படி ஓர் ஆட்டமுறையை வகுத்துவிட்டு, வீரர்களின் அறத்தை மட்டும் நம்பியிருப்பது பொறுப்பற்ற செயல். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தமக்குப் பொருத்தமான முடிவு வந்ததும் பந்தை இங்குமங்கும் தட்டிக்கொண்டிருந்து அல்ஜீரியாவை வெளியேற்றிய பிறகே, குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படத் தொடங்கின. பேட்மிண்டனிலும் லண்டனுக்குப் பிறகு, குழுவில் இரண்டாம் இடம் பெறும் அணிகள் யாரைச் சந்திக்கும் என்பது குலுக்கலுக்கு விடப்பட்டது. தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருவரான இந்தோனேசியாவின் கிரேசியா போலி விளையாட்டை விட்டுப் போகவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 2 அன்று, உயரம் தாண்டுதலில் தங்கம் பகிரப்பட்டதற்கு மறுநாள், அதே டோக்கியோவில் அப்ரியானி ரஹாயுவுடன் இணைந்து அதே பெண்கள் இரட்டையர் பிரிவில் அவர் தங்கம் வென்றார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பர்ஷிமையும் தம்பேரியையும் பார்த்தபோது ஏற்பட்டதைவிடக் குறைந்ததல்ல.

போட்டியாளர் இல்லாத வெற்றி எப்படியிருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2023 செப்டம்பரில் தில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் நடந்த மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் பரிசோதனைக்கு வந்தபோது, ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். மற்றவர்கள் தொடக்கக் கோட்டுக்கே வரவில்லை. தனியாக ஓடிய அந்த இளைஞரிடமிருந்து அன்று பறிக்கப்பட்டது பதக்கம் அல்ல. ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் அவர்தான். ஏழு பேருக்கு நடுவில் ஓடித் தான் எங்கே நிற்கிறோம் என்று அறியும் வாய்ப்புதான் பறிக்கப்பட்டது. போட்டி மனிதர்களைப் பகைவர்களாக்குகிறது என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஓட்டத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறேன். பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவர் எனக்கு எதையோ தருகிறார். அவர் வராவிட்டால் நான் ஏழையாகிறேன்.

உயரம் தாண்டுதலிலும் இதைக் காணலாம். ஹவியர் சோட்டோமேயர் 1993 இல் நிறுவிய 2.45 மீட்டர் உலகச் சாதனை இன்றும் நிலைத்திருக்கிறது. அதை மிக நெருக்கமாக அச்சுறுத்திய காலம் 2014. அந்த ஜூன் மாதம் நியூயார்க்கில் பர்ஷிமும் உக்ரைனின் போக்தன் பொந்தரென்கோவும் ஒரே போட்டியில் ஆளுக்கு 2.42 மீட்டர் தாண்டினார்கள். செப்டம்பரில் பிரசல்ஸில் பொந்தரென்கோவுக்கு எதிராகத்தான் பர்ஷிம் தம் வாழ்நாளின் சிறந்த உயரமான 2.43 மீட்டரை எட்டினார். அன்று பொந்தரென்கோ இல்லாதிருந்தால் அந்த உயரம் வந்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் தாண்டியவுடன் மற்றவருக்காகக் கம்பி உயர்த்தப்படும்போது அந்தக் களத்தில் என்ன நடக்கிறது என்பதை, தாண்டிப் பார்த்த எவரும் அறிவார்கள்.

இப்படி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதை உள்ளிருந்தே அரிப்பது ஊக்கமருந்து. 2012 லண்டனில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ரஷ்யாவின் இவான் உகோவ், விளையாட்டுத் துறை நடுவர் நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பால் அந்த வெற்றியை இழந்தார். அமெரிக்காவின் எரிக் கைனார்ட் தங்கத்துக்கு உயர்ந்தார்; 2.29 மீட்டரில் சமமாக நின்று வெண்கலத்தைப் பகிர்ந்திருந்த பர்ஷிம், டெரெக் ட்ரூயின், ராபி கிராபார்ஸ் ஆகிய மூவரும் வெள்ளிக்கு உயர்ந்தார்கள். ஆனால் மேடையில் நின்று தேசிய கீதம் கேட்டிருக்க வேண்டிய அந்த மாலையை எந்தத் தீர்ப்பாலும் கைனார்டுக்குத் திருப்பித் தர முடியவில்லை. நம் ஊரில் வயதுச் சான்றிதழைத் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் பதினாறு வயதுப் பிள்ளையை இறக்கும் பழக்கத்தையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன். தோற்ற சிறுவன் தனக்குத் திறமை இல்லை என்று நம்பி மைதானத்தை விட்டே போய்விடுகிறான். பொய்யான ஓர் அளவுகோலால் அவனை அளந்துவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிவதே இல்லை.

இனி பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வருகிறேன். 2024 ஆகஸ்ட் 10 அன்று நியூசிலாந்தின் ஹேமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் 2.36 மீட்டர் தாண்டி, 2.38 இல் தவறி, டோக்கியோவில் நின்றவர்களைப் போலவே நின்றார்கள். அவர்கள் பகிரவில்லை. தொடர்ந்து தாண்டினார்கள். ஆளுக்கு ஒரு முயற்சி; இருவரும் தவறினால் கம்பி இறங்கும். 2.38 இல் இருவரும் தவறினார்கள், சற்று முன் தாண்டியிருந்த 2.36 இலும் இருவரும் தவறினார்கள், கடைசியில் 2.34 இல் மெக்யூவன் தவற, கெர் தாண்டினார். அதன் பிறகு சமூக ஊடகங்களில் மெக்யூவனைக் கேலி செய்தவர்களுக்கு அளவில்லை. கையில் கிடைத்த தங்கத்தைப் பேராசையால் இழந்தார் என்றார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பகிர்ந்தவர்களைக் கோழைகள் என்றவர்களும் இருந்தார்கள், இப்போது பகிராதவரை முட்டாள் என்றவர்களும் இருந்தார்கள். இரண்டும் எனக்கு வருத்தத்தையே தந்தன. கூடுதல் தாண்டல் அளப்பது உயரத்தை அல்ல. களைத்த கால்களில் எஞ்சியிருக்கும் வலுவையும், ஒற்றை வாய்ப்பில் கலங்காத மனத்தையும் அது அளக்கிறது. அதையும் அறிந்துகொள்ள விரும்புவது நியாயமான விருப்பம். மெக்யூவன் அந்த விருப்பத்துக்கு முழு விலை கொடுத்தார். அதில் இகழ்வதற்கு எதுவும் இல்லை.

அந்த விலை சிறியதல்ல. பாரிஸில் தடகளத் தங்கம் ஒவ்வொன்றுக்கும் உலகத் தடகளக் கூட்டமைப்பு முதன்முறையாக 50,000 டாலர் பரிசு வழங்கியது. வெள்ளிக்கு அந்தப் பரிசு இல்லை. இந்த இடத்தில் பகிர்வைப் போற்றுபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. டோக்கியோவுக்கு வரும்போதே பர்ஷிம் இருமுறை உலகச் சாம்பியன். பாதித் தங்கம் போதும் என்று சொல்லும் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை.

டோக்கியோவில் தங்கம் பகிரப்பட்டு முப்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, அதே மைதானத்தில் பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் நடந்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர், மழையில் நனைந்த களத்தில் 1.86 மீட்டர் தாண்டினார். 1.88 மீட்டரில் அவர் மூன்று முறையும் தவறினார். அமெரிக்காவின் சாம் கிரூ மூன்றாவது முயற்சியில் அதைத் தாண்டித் தங்கத்தை எடுத்துக்கொண்டார். ஒலிம்பிக், பாராலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி ரூபாய், வெள்ளிக்கு 2 கோடி என்று தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு அறிவித்திருந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ரூபாய். காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் வீட்டில் அந்த இரண்டு சென்டிமீட்டரின் பொருள் வேறு. மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ காவல்துறை வேலையோ தேடப் போகும் ஒரு பெண்ணிடம், வெற்றி முக்கியமல்ல என்று வயிறு நிறைந்தவர்கள் உபதேசிப்பதை நான் வெறுக்கிறேன். அவளுக்கு வெற்றி முக்கியம். வெற்றி அவ்வளவு முக்கியமாக இருக்கும் இடத்தில் அவள் நேர்மையாகத் தாண்டுகிறாள் என்பதில்தான் அவளுடைய பெருமை இருக்கிறது. சாம் கிரூ ரியோவில் மாரியப்பனிடம் தோற்றவர். டோக்கியோவில் அவரை வென்றவர். இருவருக்கும் இடையே நடந்ததை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் ஐந்து ஆண்டுகள் உழைக்க வைத்திருக்கிறார்கள்.

பகிர்வு என்பது புதிதும் அல்ல. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் 4.25 மீட்டர் தாண்டிச் சமநிலையில் நின்ற ஜப்பானின் ஷூஹெய் நிஷிதாவும் சுவெயோ ஓயெவும் தமக்குள் போட்டியிட மறுத்தார்கள். நிஷிதாவுக்கு வெள்ளியும் ஓயெவுக்கு வெண்கலமும் என்று முடிவானது. ஊர் திரும்பியதும் இருவரும் தத்தம் பதக்கத்தை இரண்டாக வெட்டி, பாதி வெள்ளியும் பாதி வெண்கலமுமாக ஒட்டச் செய்து வைத்துக்கொண்டார்கள். ஓயெ சில ஆண்டுகளிலேயே போரில் இறந்தார். அந்தப் பதக்கங்களைக் கண்டு உருகுவது எளிது. அவை ஒரே நாட்டு வீரர்களுடையவை, தங்கமும் ஏற்கெனவே அமெரிக்காவின் எர்ல் மெடோசுக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். டோக்கியோவில் பகிரப்பட்டது இரு நாடுகளுக்கு நடுவே முதலிடம். அதனால்தான் அது கூடுதலாக உறுத்தவும் செய்தது, கூடுதலாக நெகிழவும் வைத்தது.

பகிர்ந்துகொள்ளப் பழகினால் வெல்லும் வேட்கை தணிந்துவிடும் என்பது அந்தப் பயிற்சியாளர்களின் கடைசி அச்சம். இதற்கு 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பைப் பார்க்கலாம். பெண்கள் கோலூன்றித் தாண்டுதலில் ஆஸ்திரேலியாவின் நினா கென்னடியும் அமெரிக்காவின் கேட்டி மூனும் 4.90 மீட்டர் தாண்டி, 4.95 இல் தவறி, தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். கோழைத்தனம் என்ற வசையும் வந்தது. நெடுநேரம் போட்டியிட்டு ஓய்ந்த உடம்புடன் கோலூன்றித் தாண்டுவது ஆபத்தானது என்று மூன் வெளிப்படையாகவே பதில் சொன்னார். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் இருவரும் மீண்டும் எதிரெதிரே வந்தார்கள். மூன் 4.85 மீட்டர் தாண்டினார். கென்னடி மீண்டும் 4.90 மீட்டர் தாண்டினார். இம்முறை தங்கம் கென்னடிக்கு மட்டும், வெள்ளி மூனுக்கு.